பந்தயத்தில் ஜெயித்தால்தான் பள்ளிக்குப் பணமா?

சென்ற இதழில், டென்னசியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாட்களைப் பற்றி எழுதும்போது, ‘ரேஸ் டு தி டாப்’ என்ற மானியப் போட்டி எங்கள் பள்ளிக்குள் வந்த விதத்தை நாலு வரியில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். வீட்டுப்பாடம் பற்றி வந்த கேள்விகள் அடுத்த இதழுக்கு. இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதில் எதற்குப் போட்டி? யார் ஆரம்பித்தது இதை?
— ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: வழக்கமாக வரும் மத்திய அரசுப் பணத்துக்குப் போட்டி கிடையாது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘டைட்டில் ஒன்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஏழைக் குழந்தைகள் எந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, ஒரு சூத்திரத்தின்படி பணம் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டாம்.

2009இல் நிலைமை வேறு. பொருளாதாரம் சரிந்து கிடந்தது. மாநிலங்களின் கஜானா காலி, ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த பிப்ரவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட 78,700 கோடி டாலர் மீட்புச் சட்டத்தில் 435 கோடி டாலர் இந்தப் போட்டிக்கென்று ஒதுக்கப்பட்டது. நடத்தியவர் கல்விச் செயலர் ஆர்னே டங்கன். நாடு முழுக்கப் பொதுப் பள்ளிகளுக்கு ஒரு வருடம் ஆகும் செலவில் இது நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு குடத்துக்கு இருக்கும் மதிப்பு இதற்கு இருந்தது.

மாநிலங்கள் விண்ணப்பிக்க வேண்டும். மொத்தம் 500 மதிப்பெண். அதில் ஆசிரியர்கள், பிரின்சிபால்கள் பற்றிய பகுதிக்கு மட்டும் 138. பொதுப் பாடத்தரங்களுக்கும் தேர்வுகளுக்கும் 70, மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தூக்கி நிறுத்துவதற்கு 50, மாணவர் தகவல் சேமிப்புக்கு 47. மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு மாநிலத்தில் சட்டம் இருந்தால், அது போட்டியில் நிற்கவே முடியாது. கலிபோர்னியா தன் சட்டத்தை மாற்றியது. நியூயார்க், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கைக்கு வைத்திருந்த உச்சவரம்பை 200இலிருந்து 460ஆக உயர்த்தியது. ஒரு டாலர்கூடக் கைக்கு வருவதற்கு முன்பே நடந்த மாற்றங்கள் இவை. முதல் இரண்டு சுற்றில் 46 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விண்ணப்பித்தன. ஜெயித்தவை 11 மாநிலங்களும் தலைநகரும்.

உங்கள் டெக்சஸ் நிற்கவே இல்லை. எங்கள் பள்ளிகளை வாஷிங்டன் நடத்த வேண்டாம் என்று 2010 ஜனவரியில் அப்போதைய கவர்னர் ரிக் பெர்ரி மறுத்துவிட்டார். டெக்சஸ் அளவுள்ள மாநிலத்துக்கு அரசு வைத்திருந்த உத்தேசத் தொகை 35 கோடியிலிருந்து 70 கோடி டாலர் வரை. கவர்னர் எடுத்த முடிவு சரியா தப்பா என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் வாதாடலாம். எனக்கு உறுத்துவது வேறு. டல்லாஸில் வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையின் தேவை, அவள் மாநிலம் விண்ணப்பித்ததா இல்லையா என்பதால் கூடவோ குறையவோ போவதில்லை.

கேள்வி: டீச்சரம்மா, எங்கள் மாநிலம் ஒரே ஒரு தாளில் செய்த தவறால் 40 கோடி டாலரை இழந்தது என்று என் கணவர் சொல்கிறார். நான் நம்பவில்லை. எங்களுக்குள் பந்தயம்!
— இரண்டு பிள்ளைகளின் தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பந்தயத்தில் உங்கள் கணவர்தான் ஜெயித்தார், சகோதரி.

2010 ஆகஸ்ட் 24 அன்று இரண்டாம் சுற்று முடிவு வந்தது. ஜெயித்தவர்களில் பத்தாவதாக, கடைசி இடத்தைப் பிடித்தது ஒஹையோ, 440.8 மதிப்பெண். அடுத்த இடத்தில் நியூ ஜெர்சி, 437.8. மூன்றே மதிப்பெண் வித்தியாசம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, 2008, 2009 நிதியாண்டுகளில் மாநிலம் கல்விக்குச் செலவிட்ட பங்கை ஒப்பிடச் சொன்னது. எழுதியவர்கள் 2010, 2011 பட்ஜெட் கணக்கைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் போனது 4.8 மதிப்பெண்.

அந்தத் தவறு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாநிலக் கல்வி ஆணையர் பிரெட் ஷண்ட்லர் ஆசிரியர் சங்கத்தோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார். கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அதை ஏற்கவில்லை. ஜூன் 1 கெடு நெருங்கிய நேரத்தில், ஒரு நீண்ட வாரயிறுதியில் விண்ணப்பத்தை மாற்றி எழுதினார்கள். தப்பு நுழைந்தது அந்த அவசரத்தில்தான். முடிவு வந்த பிறகு கவர்னர், நேர்காணலில் எங்கள் ஆட்கள் சரியான எண்ணைச் சொன்னார்கள், வாஷிங்டன் அதிகாரிகள்தான் கேட்கவில்லை என்றார். கல்வித் துறை நேர்காணலின் வீடியோவை வெளியிட்டது. அதில் அவர்கள் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஷண்ட்லர் பதவி போனது.

பரீட்சைத்தாளில் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டு வந்து கண் கலங்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைக்கு மறுதேர்வு வைக்கலாம். இங்கே தப்புச் செய்தவர்கள் பெரியவர்கள், விலை கொடுத்தது நேவார்க்கிலும் கேம்டனிலும் படித்த குழந்தைகள். ஒன்றரை வருடம் கழித்து, 2011 டிசம்பரில், மூன்றாம் சுற்று என்று நூலிழையில் தோற்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். அதில் நியூ ஜெர்சிக்குக் கிடைத்தது சுமார் 3.8 கோடி. கேட்டதில் பத்தில் ஒரு பங்கு.

கேள்வி: ‘காமன் கோர்’ பாடத்தரம் இந்தப் போட்டி மூலம் அரசு திணித்ததுதானே?
— ஒரு வாசகர், லூயிவில், கென்டக்கி

பதில்: எந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்களுக்கும் பொதுவாக வகுத்த தரம் அது. எழுதியது மத்திய அரசு இல்லை, கவர்னர்கள் சங்கமும் மாநிலக் கல்வித் தலைவர்கள் சங்கமும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. ஆனால் 2010 ஜூன் 2 அன்று வெளிவந்த தரத்தை ஆகஸ்ட் 2க்குள் ஏற்றால் போட்டியில் மதிப்பெண் என்று வைத்தால், அறுபது நாளில் யார் என்ன படித்துப் பார்த்திருக்க முடியும்? உங்கள் கென்டக்கி இறுதி வடிவம் வருவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே ஏற்றுக்கொண்டது.

கேள்வி: நான் நாஷ்வில் பக்கம் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எங்களுக்கு மார்க் போடும் முறை அந்தப் போட்டியில் ஆரம்பித்தது என்கிறார்கள். அப்போது நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள். என்ன மாறியது? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.
— ஓர் இளம் ஆசிரியர், டென்னசி

பதில்: தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

2010 ஜனவரி. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்ததும் எங்களை நூலகத்தில் உட்காரவைத்தார்கள். மாநிலச் சட்டசபை சிறப்புக் கூட்டம் போடுகிறது, விண்ணப்பத்தின் கெடு 19ஆம் தேதி, அதற்குள் சட்டம் வர வேண்டும் என்றார்கள். அந்த மாதமே ‘ஃபர்ஸ்ட் டு தி டாப்’ சட்டம் வந்தது. ஆசிரியர் மதிப்பீட்டில் பாதி, மாணவர் மதிப்பெண் சார்ந்தது: 35 சதவீதம் மாணவர் வளர்ச்சி, அதாவது தேர்வில் அவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது; 15 சதவீதம் தேர்ச்சியைக் காட்டும் வேறு ஓர் அளவு. மீதிப் பாதி பெரும்பாலும் வகுப்பைப் பார்த்துப் போடுவது. மாநிலத்தின் எல்லாப் பள்ளி மாவட்டங்களும், ஆசிரியர் சங்கங்களில் 93 சதவீதமும் விண்ணப்பத்தை ஆதரித்துக் கையெழுத்திட்டன. மார்ச் 29 அன்று முதல் சுற்றில் ஜெயித்தவை இரண்டே மாநிலங்கள்: டெலவேரும் நாமும். டென்னசிக்கு 50 கோடி டாலர். அன்று சாயங்காலம் வீட்டில் பாயசம் வைத்தேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எங்கள் வேலையை யாரோ பெரிதாக மதிக்கிறார்கள் என்று தோன்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011–12இல் புது மதிப்பீடு வந்தது. வருடத்துக்கு நாலு தடவை ஒருவர் வந்து வகுப்பில் உட்காருவார், புதிய ஆசிரியர் என்றால் ஆறு தடவை. கையில் 19 அம்சங்கள் கொண்ட அட்டவணை. அதற்கு முன் வருடக்கணக்காக என் வகுப்புக்குள் யாரும் வந்து உட்கார்ந்ததே இல்லை. முதல் முறை வந்த உதவி பிரின்சிபால் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கடைசியில் அவர் சொன்னார்: “நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு, இரண்டு விநாடியில் நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள்.” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணினேன். ஏழு வரும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் பின்வரிசையில் கை தூக்கினாள். விகிதக் கணக்கு. சரியான பதில். பதினேழு வருடம் பாடம் நடத்திய பிறகு நான் கற்றுக்கொண்ட விஷயம் அது. பந்தயப் பணத்தில் வந்த கணக்குப் பயிற்சியாளர் ஒருவரும் எங்களோடு உட்கார்ந்து, பிள்ளைகள் பின்னத்தில் எங்கே இடறுகிறார்கள் என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இதையெல்லாம் நான் மறைக்க மாட்டேன்.

அப்புறம் அந்த 35 சதவீதம். கணக்கு, வாசிப்பு ஆசிரியர்களுக்கு அவரவர் மாணவர்களின் வளர்ச்சி எண் உண்டு. மாநிலத் தேர்வே இல்லாத பாடங்களை நடத்துபவர்களுக்கு? ஓவியம், இசை, உடற்பயிற்சி, நூலகம்? அவர்களுக்குப் பள்ளி மொத்தத்தின் எண்ணைப் போட்டார்கள். எங்கள் ஓவிய ஆசிரியை என் வகுப்புக்கு மூன்று அறை தள்ளி இருந்தார். களிமண்ணில் கை வைத்தால்தான் அமைதியாகும் பிள்ளைகளை நாங்கள் அவரிடம்தான் அனுப்புவோம். அவர் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நான் சொல்லிக்கொடுத்த கணக்கிலிருந்தும் பக்கத்து வகுப்பு வாசிப்பிலிருந்தும் வந்தது. ஒரு வருடம் எங்கள் பள்ளி எண் சரிந்தது. அவர் என்னிடம் வந்து, “நான் என்ன மாற்றிச் செய்ய வேண்டும், சொல்” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன் என்றே நினைக்கிறேன்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தது யார் தெரியுமா? மெம்பிஸ் நகரத்துக் கலை ஆசிரியர்கள். மாணவர்களின் படைப்புகளை வருட ஆரம்பத்திலும் முடிவிலும் தொகுத்து, அதே துறை ஆசிரியர்களே பார்த்து வளர்ச்சியை மதிப்பிடும் முறை. மாநிலமும் அதை ஏற்றது. 500 மதிப்பெண் விண்ணப்பத்தில் அந்த யோசனை இல்லை. வகுப்பில் நிற்பவர்களிடமிருந்து வந்தது.

என் எண்ணும் நிலையாக இருந்ததில்லை. ஒரு வருடம் 5, அடுத்த வருடம் 3. பாடம் அதே, நான் அதே. அந்த வருடம் நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி இடம் மாறிப் போன பிள்ளைகள் அதிகம். 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை விட்டது: மாணவர் மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு வகுப்பின் தேர்வு எண்ணிலிருந்து ஓர் ஆசிரியரைப் படித்துவிட முடியாது என்றுதான் அர்த்தம். உங்கள் முதல் வருட எண் 2 என்று வந்தால், அதை வைத்து உங்களை எடை போட்டுக்கொள்ளாதீர்கள். வகுப்பைப் பார்த்தவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

2014இல் மானியக் காலம் முடிந்தது. கணக்குப் பயிற்சியாளர் பதவியும் முடிந்தது. மதிப்பீடு மட்டும் தொடர்ந்தது.

கேள்வி: இத்தனை கோடியும் கொட்டி, கடைசியில் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்களா இல்லையா?
— ஓய்வுபெற்ற பொறியாளர், சான் ஹோசே

பதில்: சட்டங்கள் மாறியதில் சந்தேகமே இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹாவல், இந்தப் போட்டி கேட்ட சீர்திருத்தங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தார். 2001–2008இல் மாநிலங்கள் சராசரியாக அவற்றில் 10 சதவீதத்தைத்தான் நிறைவேற்றியிருந்தன. 2009–2014இல் 68 சதவீதம். தோற்ற மாநிலங்களும் நிறையவே மாற்றின.

பிள்ளைகளின் படிப்பு அப்படி நேர்கோட்டில் வரவில்லை. 2013 தேசியத் தேர்வில் டென்னசியும் தலைநகரும் நாலாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும், கணக்கு, வாசிப்பு இரண்டிலும் முந்தைய தேர்வைவிட உயர்ந்தன. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கல்வித் துறையின் சொந்த ஆய்வுப் பிரிவு 2016இல் வெளியிட்ட அறிக்கை, போட்டிக்கும் மாணவர் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு தெளிவாக இல்லை என்றே சொன்னது.

பொறியாளர் என்பதால் உங்களுக்கு மெம்பிஸ் கதை பிடிக்கும். கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை மாதிரி நடந்தது. மாநிலத்தின் அடிமட்ட 5 சதவீதப் பள்ளிகளை ஐந்தே வருடத்தில் மேல் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்று ‘அச்சீவ்மென்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என ஒரு தனி அமைப்பை மாநிலம் தொடங்கியது. 2012இல் ஆறு பள்ளிகளை எடுத்தது, பிறகு பலவற்றைச் சார்ட்டர் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அதே ஊரில் உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் ‘ஐ-சோன்’ என்று தன் பள்ளிகளைத் தானே எடுத்து நடத்தியது. நல்ல பிரின்சிபால், திறமையான ஆசிரியர்களைத் தேடிக் கொண்டுவந்து கூடுதல் சம்பளம், பள்ளி நேரமும் கூடுதல். 2015 டிசம்பரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஐ-சோன் பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் இருந்தது. மாநில அமைப்பின் பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டுக்கும் பெரிய பெரிய மானியங்கள் வந்தன. ஐ-சோனில் அந்தப் பணம் அந்த ஊரைத் தெரிந்த நல்ல ஆசிரியராக மாறி வகுப்பில் போய் நின்றது. நான் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான்.

நியூயார்க்கில் வேறு மாதிரி முடிந்தது. 2015இல் ஐந்தில் ஒரு மாணவர் மாநிலத் தேர்வையே எழுத மறுத்தார். அந்த டிசம்பரில் தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்ப்பதை மாநிலம் நிறுத்திவைத்தது. அதே மாதம் வந்த புதிய கல்விச் சட்டம், ஆசிரியரை இப்படித்தான் மதிப்பிட வேண்டும் என்று மாநிலங்களிடம் சொல்லும் வேலையைக் கல்விச் செயலரிடமிருந்து எடுத்துவிட்டது.

கேள்வி: எங்கள் பள்ளி மாவட்டம் ஒரு போட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறதாம். அடுத்த மாதம் போர்டு கூட்டம். பெற்றோர் சார்பில் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பதா, ஆதரிப்பதா?
— பெற்றோர் சங்க உறுப்பினர், அட்லாண்டா

பதில்: இரண்டும் வேண்டாம். மூன்று நிமிடத்தையும் கேள்விக்கே செலவழியுங்கள்.

முதலில் பணியாளர்களைப் பற்றிக் கேளுங்கள். இந்தப் பணத்தில் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள், மானியம் முடிகிற வருடம் அவர்கள் சம்பளம் எங்கிருந்து வரும்? எங்கள் கணக்குப் பயிற்சியாளரை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். பதில் “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று வந்தால், கூட்டக் குறிப்பில் அதை அப்படியே பதியச் சொல்லுங்கள்.

அடுத்து, எழுதுவது யார்? 2010இல் ‘இன்வெஸ்டிங் இன் இன்னோவேஷன்’ என்ற இன்னொரு போட்டியில் 65 கோடி டாலருக்குச் சுமார் 1,700 விண்ணப்பங்கள் வந்தன, ஜெயித்தவை 49. அதிலும் 20 சதவீதம் தனியாரிடமிருந்து நீங்களே திரட்டிக் காட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு ஆள் இருக்கிறது. சின்ன மாவட்டத்தில் சூப்பரிண்டெண்டன்டே ராத்திரி உட்கார்ந்து எழுதுவார். வெளியாள் எழுதுகிறார் என்றால், அவருக்கு எந்தக் கணக்கிலிருந்து சம்பளம், தோற்றாலும் உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் ஜார்ஜியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2010இல் 40 கோடி டாலர் ஜெயித்த மாநிலம் அது. ஆசிரியர்களுக்குத் திறன் அடிப்படையில் சம்பளம் என்று விண்ணப்பத்தில் கொடுத்த வாக்கைச் சொன்னபடி செய்ய முடியாமல், சுமார் ஒரு கோடி டாலரை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அதனால் உங்கள் மாவட்டம் என்ன வாக்குக் கொடுக்கிறது, வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள் அதைப் படித்தார்களா, படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஓவிய ஆசிரியரையும் நூலகரையும் அந்தத் திட்டம் எப்படி மதிப்பிடும் என்று எனக்காகவும் ஒரு கேள்வி.

கூட்டத்துக்கு முன்பே விண்ணப்ப வரைவின் பிரதியை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். கிடைத்ததும் பட்ஜெட் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.